50 கிராம் டப்பா எத்தனை நாளைக்கு வரும்? ஆர்கானிக் மாய்ஸ்சரைசர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு

நம்ம சேனல்ல எப்பவும் எஃப்.டி., நகைக்கடன், சீட்டுன்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு ஒரு க்ரீம் டப்பாவைப் பத்திப் பேசப் போறேன். சேனல் மாறி வந்துட்டோமோன்னு நினைக்காதீங்க, இதுவும் பணக் கணக்குதான்.

பொங்கலுக்கு பெருமுக்கல் போயிருந்தேன். திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற ரோட்டுல, முக்தியாலீஸ்வரர் கோயில் மலை தெரியுது பாருங்க, அந்த ஊர். என் சித்தி அங்கதான் இருக்காங்க. கொஞ்சம் கடலை நிலம், மீதி நாள்ல நூறு நாள் வேலை. மார்கழி, தை பனி வந்தாலே அவங்க கை, காலெல்லாம் வெள்ளை வெள்ளையா வெடிச்சு அரிக்க ஆரம்பிச்சிடும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். சோப்பு மாத்தினாக்கூட தோல் சிவந்துடும். சென்சிடிவ் ஸ்கின்னு நாம சொல்றதை அவங்க "எனக்கு எதுவும் ஒத்துக்காது"ன்னு சொல்லுவாங்க.

இந்த வருஷம் அலமாரியில ஒரு அழகான கண்ணாடி டப்பா இருந்துச்சு. மேல பச்சை இலை படம், "100 சதவீதம் ஆர்கானிக்"னு எழுத்து. 50 கிராம், 449 ரூபாய். பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல ஆர்டர் போட்டு வாங்கிக் குடுத்ததாம். ரெண்டு மாசம் ஆச்சு, பாதிதான் காலியாகியிருக்கு. கை அப்படியே வெடிச்சுதான் கெடக்கு.

"இன்னா சித்தி, தடவறதில்லையா?"

"தடவறேன்டா. வெல சாஸ்தியாச்சே, அதான் கடுகத்தனை எடுத்துத் தடவறேன். ஆனா தடவினா மணிக்கட்டுல அரிக்குது."

இந்த ரெண்டு வரிக்குள்ள ரெண்டு பிரச்சனை இருக்கு. ஒண்ணு அளவு, இன்னொண்ணு சரக்கு. அளவுல இருந்தே ஆரம்பிப்போம். அங்கதான் நம்ம காசு ஒழுகுது.

தோல் டாக்டர்கள் களிம்பு அளக்க ஒரு வழி வச்சிருக்காங்க. ட்யூப்ல இருந்து ஆள்காட்டி விரல் நுனியில ஆரம்பிச்சு முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு மாதிரி பிதுக்கினா அது ஏறக்குறைய அரை கிராம். விரல்நுனி அளவுன்னு வச்சுக்குவோம். பெரியவங்களுக்கு ஒரு கைக்கு (மணிக்கட்டு வரைக்கும், முன்னும் பின்னும்) ஒரு விரல்நுனி அளவு வேணும். மணிக்கட்டுக்கு மேல புஜம் வரைக்கும் மூணு. ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு ரெண்டு. ரெண்டு பக்கமும் கூட்டினா 24. அதாவது ஒரு தடவைக்கு 12 கிராம். காலையும் ராத்திரியும்னா ஒரு நாளைக்கு 24 கிராம். இது மருந்துக் களிம்பு மெல்லிசா தடவறதுக்கு வந்த அளவு. மாய்ஸ்சரைசரை இதை விட தாராளமாதான் போடணும்.

இப்ப சித்தி டப்பாவுக்கு வாங்க. 50 கிராம், முறையா தடவினா ரெண்டு நாள்ல காலி. ஒரு மாசத்துக்கு 720 கிராம், பதினாலு டப்பாவுக்கு மேல, ஏறக்குறைய 6,466 ரூபாய்! 2025-26க்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். பத்தொன்பது நாள் கூலியை அப்படியே காலிலயும் கையிலயும் தடவ முடியுமா? முடியாது. அதனால சித்தி என்ன பண்ணாங்க, ரெண்டு மாசத்துல 25 கிராம் தடவியிருக்காங்க. தேவையில அறுபதுல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். அவ்ளோ கொஞ்சம் தடவறதும் தடவாம இருக்கறதும் ஒண்ணுதான். 449 ரூபாயும் போச்சு, பலனும் இல்ல.

விலை கூடின க்ரீமைக் கம்மியா தடவறதை விட விலை கம்மியான பொருளைத் தேவையான அளவு தடவறது மேல். இதை மட்டும் பிடிச்சுக்கோங்க, பாதி செலவு மிச்சம்.

அமெரிக்காவுல சிகாகோ டாக்டர்கள் சிலர் இதை ஒரு ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. எக்ஸிமா வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்குப் பிறந்ததுல இருந்து தினமும் எதைத் தடவினா கட்டுப்படியாகும்னு ஏழு பொருளை வச்சு செலவுக் கணக்குப் போட்டாங்க. 2016 டிசம்பர்ல வெளியான அந்தக் கணக்குல மலிவா நின்னது சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி. நம்ம மத்திய அரசோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் 2022 வரைக்கும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி இருந்துச்சு. அழகு சாதனக் கடை கண்ணாடி அலமாரிக்கு முன்னாடி நிக்கும்போது இது ஞாபகம் வந்தா போதும்.

"ஆர்கானிக்"னா என்னங்க?

கடையில சாமை, கருப்பட்டி வாங்கும்போது "ஜைவிக் பாரத்"னு ஒரு முத்திரை பார்த்திருப்பீங்க. 2017ல வந்த இயற்கை உணவு விதிமுறைப்படி குடுக்கறது. அது உணவுப் பொருளுக்கு மட்டும்தான். முகத்துல தடவற க்ரீமுக்கு அழகு சாதன விதிகள் 2020ன்னு தனிச் சட்டம் இருக்கு. உரிமம், லேபிள், தடை செஞ்ச பொருள் எல்லாம் அதுல வருது. ஆனா "ஆர்கானிக்"னு போடணும்னா இத்தனை சதவீதம் இயற்கை விவசாயச் சரக்கு இருக்கணும்னு அதுல வரையறை கிடையாது. சில கம்பெனிங்க எகோசெர்ட், காஸ்மாஸ் மாதிரி தனியார் சான்று வாங்கிப் போடறாங்க. அது இருந்தா பரவாயில்ல, யாரோ ஒருத்தர் சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். வெறும் இலை படம் இருந்தா அது வெறும் இலை படம்தான்.

இன்னொரு விஷயம். ஆர்கானிக்னா தோலுக்கு ஒத்துக்கும்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. லாவெண்டர் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய் எல்லாமே இயற்கைதான். சென்சிடிவ் தோலுக்கு அலர்ஜி குடுக்கறதுலயும் இதெல்லாம் பேர் போனது. காஞ்சொறிச் செடிகூட இயற்கைதானே, தொட்டுப் பார்ப்போமா?

சித்தியோட டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எறும்பு சைஸ். போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் படிச்சா லாவெண்டர், ஆரஞ்சு, ஜெரேனியம்னு மூணு வாசனை எண்ணெய். மணிக்கட்டு ஏன் அரிச்சுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துடுச்சு. தடவறதை நிறுத்தச் சொன்னேன். நாலஞ்சு நாள்ல அரிப்பு அடங்குச்சு. இது டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணது இல்ல, அதையும் சொல்லிடறேன்.

"ஹைப்போ அலர்ஜெனிக்"னு போட்டிருந்தா பாதுகாப்பான்னு கேப்பீங்க. 2017ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுல நல்லா விக்கற 174 மாய்ஸ்சரைசரை எடுத்து லேபிளைச் சலிச்சிருக்காங்க. ஹைப்போ அலர்ஜெனிக்னு சொல்லிக்கிட்டதுல 83 சதவீதத்துல அலர்ஜி தரக்கூடிய பொருள் ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. "ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ"ன்னு போட்டதுல 45 சதவீதத்துல வாசனைப் பொருளோட சம்பந்தப்பட்ட சரக்கோ செடிச் சாறோ இருந்துச்சு. அதனால டப்பா முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். முன்பக்கம் பார்த்து வாங்கறது, கம்பெனி பேரைக் கேட்டு ஷேர் வாங்கற மாதிரி.

பின்பக்கம் படிக்க ஒரு குறுக்கு வழி சொல்றேன். சட்டப்படி ஒரு சதவீதத்துக்கு மேல இருக்கற பொருளை அதிகத்துல இருந்து கம்மிக்கு வரிசையா போடணும். ஒரு சதவீதமும் அதுக்குக் கீழயும் இருக்கறதைக் கடைசியில எப்படி வேணா போட்டுக்கலாம். பினாக்ஸி எத்தனால்னு ஒரு பதப்படுத்தற மருந்து நிறைய க்ரீம்ல இருக்கும். அதை ஒரு சதவீதத்துக்கு மேல போடக் கூடாது. அப்போ அந்தப் பேருக்குப் பின்னாடி வர்ற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கம் குங்குமப்பூ, பாதாம்னு பெருசா படம் போட்டுட்டு, பின்பக்கம் பினாக்ஸி எத்தனாலுக்கு அப்புறம் பாதாம் வருதுன்னா நீங்க காசு குடுக்கறது படத்துக்கு. பட்டியல் எவ்வளவு குட்டையோ சென்சிடிவ் தோலுக்கு அவ்வளவு நல்லது. ஃப்ராக்ரன்ஸ், பர்ஃபம், எசென்ஷியல் ஆயில்னு எது கண்ணுல பட்டாலும் அலமாரியிலயே வச்சிடுங்க. "அன்சென்டட்"னு போட்டிருந்தாலும் உள்ள படிங்க, ஒரு வாசனையை மறைக்க இன்னொரு வாசனை போட்டிருப்பாங்க. அப்படியே எம்.ஆர்.பி. பக்கத்துல ஒரு கிராம் விலை எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கும். சில வருஷமா அது கட்டாயம். நான் இப்பல்லாம் முதல்ல அதைத்தான் பார்க்கறேன்.

அப்போ எதை வாங்கறது?

மாய்ஸ்சரைசர் செய்யற வேலை மூணு. தண்ணியை இழுத்துப் பிடிக்கறது, இது கிளிசரின், யூரியா மாதிரி. தோல் செதிலுக்கு நடுவுல இருக்கற இடுக்கை நிரப்பி வழவழப்பாக்கறது, எண்ணெய் வகைகள். மேல மூடி போட்டு ஈரத்தை வெளிய விடாம வைக்கறது, பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு. 449 ரூபா டப்பாவும் இந்த மூணுல ஏதாவதைத்தான் செய்யுது.

இயற்கையாதான் வேணும், விலையும் கட்டணும்னா, என் முதல் ஓட்டு நல்ல தேங்காய் எண்ணெய்க்கு. செக்குல ஆட்டினது, வாசனை எதுவும் சேர்க்காதது. பிலிப்பைன்ஸ்ல 2004ல 34 பேருக்கு, வறண்ட தோலுக்கு, வர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் தடவி ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் சமமா வேலை செஞ்சது. 2014ல எக்ஸிமா உள்ள 117 குழந்தைகள்கிட்ட எட்டு வாரம் பார்த்தப்போ தேங்காய் எண்ணெய்தான் மேலன்னு வந்தது. முகப்பரு வர்ற முகத்துக்கு மட்டும் வேண்டாம், அடைச்சுக்கும்.

இதுல ஒரு வரிக் கதையும் இருக்கு, சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்கு வைக்கற எண்ணெயான்னு சேலம் கலால் துறை தொடங்கின வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2024 டிசம்பர் 18ல தீர்ப்பு: பாட்டில் சின்னதா இருக்கறதால மட்டும் அது தலை எண்ணெய் ஆகாது, சமையல் எண்ணெய்தான். அப்போ சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18 சதவீதம் வரி. 2025 செப்டம்பர் 22ல இருந்து தலை எண்ணெயும் 5 சதவீதத்துக்கு வந்துடுச்சு. ஆனா தோலுக்குத் தடவற க்ரீம் 18 சதவீதத்துலயே நிக்குது. சித்தி குடுத்த 449 ரூபாய்ல 68 ரூபாய் 49 காசு ஜி.எஸ்.டி.

தேங்காய் எண்ணெய் 2025ல ஏறின விலை கட்டலைன்னா சூரியகாந்தி எண்ணெயும் தடவலாம். இங்கிலாந்துல ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்துல 2013ல வந்த ஆய்வுல சூரியகாந்தி எண்ணெய் தோலோட மேலடுக்கைக் கெடுக்காம விட்டுச்சு. ஆலிவ் எண்ணெய் அந்த அடுக்கைப் பலவீனமாக்கிடுச்சு. குழந்தைக்கு மசாஜ் பண்ணன்னு அழகான டின்ல ஆலிவ் எண்ணெய் வாங்கறவங்க இதைக் கவனிங்க. நாலு மடங்கு காசு குடுத்து எதிர் வேலை பார்க்குது.

நம்ம பக்கத்துக்கு இன்னொரு முக்கியமான சேதி. திண்டிவனம்னாலே கடலை. எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இங்க இருக்கு. கடலை ரகத்துல டி.எம்.வி.ன்னு வருதே, அது திண்டிவனத்தோட சுருக்கம்தான். வீட்டுக் கடலை எண்ணெய் கையில இருக்கேன்னு, சொறி, வெடிப்பு உள்ள கைக்குழந்தைத் தோல்ல மட்டும் அதைத் தடவாதீங்க. புண்பட்ட தோல்ல கடலை எண்ணெய் கலந்த பூச்சு போட்ட குழந்தைகளுக்குப் பின்னாடி கடலை அலர்ஜி வர்றதோட அதுக்குத் தொடர்பு இருக்கறதா 2003லயே இங்கிலாந்து ஆய்வு ஒண்ணு காட்டியிருக்கு.

கத்தாழைக்கு வர்றேன். வேலியில சும்மா கெடக்குது, இதை விட ஆர்கானிக் எது? ஆனா மடலை வெட்டினா மஞ்சளா ஒரு பால் வடியும், அதுதான் எரிச்சல் குடுக்கறது. கொஞ்ச நேரம் சாய்ச்சு வச்சு அதை வடிய விட்டு, நல்லா கழுவிட்டு, உள்ள இருக்கற சோறை மட்டும் எடுக்கணும். அதுவும் தனியா போட்டா சீக்கிரம் காஞ்சுடும், மேல எண்ணெய் வேணும். கிளிசரின் மெடிக்கல் ஷாப்ல மலிவு. அப்படியே தடவினா எரியும், உள்ளங்கையில ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி கலந்து அப்பவே தடவிடுங்க. கலந்து பாட்டில்ல வச்சுக்காதீங்க. தண்ணி சேர்ந்த எதையும் வீட்டுல செஞ்சு வச்சா கிருமி வளரும்.

வீட்டுல செய்யணும்னா தண்ணியே இல்லாத ஒண்ணு செய்யலாம்: நாலு பங்கு தேங்காய் எண்ணெய், ஒரு பங்கு தேன்மெழுகு. கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு கிண்ணம் வச்சு உருக்கி, ஈரமில்லாத டப்பாவுல ஊத்திடுங்க. வெறும் தேங்காய் எண்ணெய் நம்ம ஊர் வெயிலுக்கு ஓடும், மெழுகு சேர்த்தா நிக்கும். பித்தவெடிப்புக்கு அருமை. பெட்ரோலியம் ஜெல்லி பெட்ரோல் சமாச்சாரம் ஆச்சேன்னு தயங்கறவங்களுக்கு இதுதான் மாத்து. என்னைக் கேட்டா சுத்திகரிச்ச வெள்ளை ஜெல்லி மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. அதுல வாசனை கிடையாது, பட்டியல்ல ஒரே பேர், அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம்.

தடவறதுலயும் ஒரு முறை இருக்கு

எதை வாங்கினாலும் முதல் நாளே உடம்பு பூரா பூசிடாதீங்க. முழங்கை மடிப்புல ஒரு ரூபா காசு அளவு இடத்துல, தினம் ரெண்டு வேளை, ஏழுல இருந்து பத்து நாள் தடவிப் பாருங்க. சிவக்கலை, அரிக்கலைன்னா மேல போங்க. அதனாலதான் முதல்ல சின்ன பாக்கெட் வாங்கணும். ஆஃபர்ல மூணு டப்பா வாங்கிட்டு ஒத்துக்கலைன்னா யாருக்குக் குடுப்பீங்க?

குளிக்கறது வெதுவெதுப்பான தண்ணியில, சுருக்கா. பனிக்காலத்துல ஆவி பறக்கக் குளிக்கறது சுகமாத்தான் இருக்கும், ஆனா தோல்ல இருக்கற எண்ணெயையும் அது கழுவிட்டுப் போயிடும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம்னு தேவையான இடத்துக்கு மட்டும். துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் லேசா இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, மேல இருந்து கீழ, முடி சாயற பக்கமா தடவுங்க. காஞ்ச தோல்ல எண்ணெய் பூசினா மூடி வைக்க உள்ள ஈரமே இருக்காது. இந்த மூணு நிமிஷத்துக்குக் காசு கிடையாது. பலன்ல பாதி இதுல இருக்கு.

கடலைக் காட்டுக்கும் ஏரி வேலைக்கும் போறவங்க பகல்ல ஜெல்லி பூசினா மண்ணு ஒட்டும், வேர்வையில குருவும் வரலாம். காலையில எண்ணெய் மெல்லிசா, ராத்திரி கைக்கும் பாதத்துக்கும் ஜெல்லி, மேல பழைய காட்டன் சாக்ஸ். அடுப்படியில இருக்கறவங்க இன்னொண்ணு கவனிங்க: இந்த மாதிரிப் பூச்சு ஊறின துணி சட்டுனு தீப்பிடிக்கும். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018லயே எச்சரிச்சிருக்கு. ராத்திரி கட்டின சேலையோட விறகு அடுப்பு முன்னாடி உக்காராதீங்க.

இப்ப சித்திக்கு நான் போட்ட பட்ஜெட். குளிச்சதும் கை, காலுக்கு எண்ணெய் 10 மில்லி. மாசம் 300 மில்லி. லிட்டர் 550 ரூபாய்னு வச்சா 165 ரூபாய். ராத்திரி கைக்கும் பாதத்துக்கும் ஜெல்லி 3 கிராம். மாசம் 90 கிராம். கிராம் ஒன்றரை ரூபாய்னு வச்சா 135. மொத்தம் 300 ரூபாய். உங்க ஊர் விலையை இதுல போட்டுப் பார்த்துக்கோங்க. ஒரு நாள் கூலிக்குள்ள ஒரு மாசம் ஓடுது. வெயில் காலத்துல இதுல பாதிகூட ஆகாது.

ஒரு விஷயத்துல மட்டும் காசைப் பார்க்காதீங்க. தண்ணி வடியுது, சீழ் வைக்குது, ராத்திரி தூக்கம் கெடற அளவுக்கு அரிக்குதுன்னா அது மாய்ஸ்சரைசர் கேஸ் இல்ல, டாக்டர் கேஸ். திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர்னு நம்மைச் சுத்தி அரசு ஆஸ்பத்திரி இருக்கு. அதை விட்டுட்டு, சந்தையில லேபிள் இல்லாம "மூலிகை க்ரீம், ரெண்டே நாள்ல சரியாயிடும்"னு விக்கறதை வாங்காதீங்க. ரெண்டே நாள்ல சரியானா உள்ள ஸ்டீராய்டு இருக்கோன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். கேரளாவுல மலப்புரம் பக்கம் 2023ல, பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் போட்டவங்களுக்குச் சிறுநீரகமே பாதிச்சுது. உரிம எண், தயாரிச்ச முகவரி, பொருள் பட்டியல், இந்த மூணும் இல்லாத டப்பா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

போன வாரம் சித்திக்குப் போன் போட்டேன். கை வெடிப்பு மூடிடுச்சாம், குதிகால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்காம். அந்த 449 ரூபா டப்பாவை என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். உள்ள இருந்ததை வழிச்சுப் போட்டுட்டு, கழுவிக் காய வச்சு, அதுல ஜெல்லி போட்டு வச்சிருக்காங்களாம். "டப்பா மட்டும் நல்ல டப்பாடா"ன்னாங்க.